உறைபனிக் காலத்தில் கேரவனின் தண்ணீர்த் தொட்டி

கேள்வி: டிசம்பர், ஜனவரி மாதங்களில் கொடைக்கானலில் கேரவன் வண்டியை நிறுத்திவைப்போர் அதன் தண்ணீர், கழிவுத் தொட்டிகளை எவ்வாறு பராமரிக்க வேண்டும்?

பதில்: கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில், மேகமற்ற இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுவதால், குளிர்ந்து கனத்த காற்று ஏரிக்கரை போன்ற தாழ்வான இடங்களில் தேங்கி, புல்லின்மீது வெண்படலமாக உறைபனி படிகிறது, ஆகவே வண்டியை மேட்டில் நிறுத்துவதே பாதிப் பாதுகாப்பு. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் பெருகுவதால், பெரிய தொட்டியைவிட, வண்டிக்கு அடியில் வெளியே தெரியும் மெல்லிய குழாய்களும் பம்பின் இணைப்புகளும்தான் முதலில் விரிசல் காணும். கடுங்குளிர் நாடுகளில் இதற்கென நச்சுத்தன்மை குறைந்த உறைதடுப்புத் திரவத்தைக் குழாய்களில் நிரப்புவர். சில மணி நேரமே உறைநிலையைத் தொடும் கொடைக்கானலுக்கு அது மிகை, மாலையில் பம்பை நிறுத்தி, திருகுகுழாய்கள் அனைத்தையும் திறந்து நீரை வடித்துவிட்டாலே போதும். கார் ரேடியேட்டருக்கான கூலண்ட் கொடிய நஞ்சு என்பதால், குடிநீர்க் குழாயில் அதை ஒருபோதும் ஊற்றலாகாது.

கழிவுத் தொட்டிக்கே கூடுதல் கவனம் தேவை. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் குளிரில் மந்தமாகிவிடுவதால், அதை நாட்கணக்கில் தேக்காமல் கழிவுநீர் லாரியை வரவழைத்து உறிஞ்சச் செய்ய வேண்டும். ஓடையோரம் திறந்துவிடுவது பெருங்கேடு, ஏனெனில் கொடைக்கானல் ஏரியின் உபரிநீரே வெள்ளி நீர்வீழ்ச்சியாகக் கீழே இறங்குகிறது.