ஷெட்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

திருப்போரூரில் ஷெட் வைத்திருப்பவன் கைக்கு எல்லா வகை என்ஜினும் வந்துவிடும். சுற்றிலும் வயல், அங்கிருந்து டிராக்டர். நெம்மேலி ரோட்டில் கழிமுகத்தைத் தாண்டினால் கடல்; அங்கிருந்து ஃபைபர் படகின் டீசல் என்ஜின். ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறந்தவர்கள் திங்கட்கிழமை பைக்கைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். மூன்றிலும் கனெக்டிங் ராடு இருக்கிறது. ஆனால் மூன்றிலும் அது படுகிற பாடு வேறு வேறு. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் நான் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. டார்க் ராடை அழுத்தும். வேகம் ராடை இழுக்கும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. சிலிண்டருக்குள் எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும்போது ராடு நடுவில் மாட்டி அழுந்துகிறது. அந்தத் தள்ளல்தான் கிராங்கில் டார்க்காக வெளியே வருகிறது. இழுவை வேறு சங்கதி. புகையை வெளியே தள்ளிவிட்டு பிஸ்டன் உச்சிக்குப் போகிறதே, அங்கே அது நின்று திரும்ப வேண்டும். மேலிருந்து தள்ள அப்போது வாயு கிடையாது. ராடுதான் பிடித்து இழுத்துத் திருப்புகிறது. இரும்பு அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். திரும்பத் திரும்ப வரும் இழுவையில்தான் பிளவு விட ஆரம்பிக்கும்.

2. வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. இதை ஒரு தடவையாவது பேப்பரில் போட்டுப் பார். நம் ரோட்டிலேயே ஓடுகிற இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். இப்போதைய புல்லட் 350: போர் 72 மி.மீ., ஸ்ட்ரோக் 85.8 மி.மீ., 6,100 சுற்றில் 20.2 குதிரைசக்தி, டார்க் 27 நியூட்டன் மீட்டர். யமஹா ஆர்15: போர் 58, ஸ்ட்ரோக் 58.7, 10,000 சுற்றில் சுமார் 18 குதிரைசக்தி, டார்க் 14.2. சக்தியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. டார்க்கில் ஆர்15 பாதிதான்.

இப்போது இழுவையைப் பார்ப்போம். கிராங்க் ஆரத்தை, அதாவது ஸ்ட்ரோக்கில் பாதியை, சுழற்சி வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கு. ராடின் நீளம் ஆரத்தைப் போல நான்கு மடங்கு என்று வைத்துக்கொண்டு, கால் பங்கு கூட்டு. புல்லட்டில் 6,100 சுற்றில் பிஸ்டனின் ஒவ்வொரு கிராமும் ராடை இரண்டேகால் கிலோ கனத்தோடு இழுக்கிறது. ஆர்15-இல் 10,000 சுற்றில் அதே ஒரு கிராம் நாலு கிலோவுக்கு மேல் இழுக்கிறது. டார்க் பாதி, கிராமுக்கு இழுவை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால்தான் அந்த பிஸ்டனைக் கையில் எடுத்தால் அவ்வளவு லேசாக இருக்கிறது. ஸ்ட்ரோக்கைச் சின்னதாக வைத்ததும் இதற்காகத்தான். 2009-இல் பார்முலா ஒன் என்ஜின்களுக்கு 18,000 சுற்று என்று வரம்பு கட்டினார்கள். சுமார் 40 மி.மீ. ஸ்ட்ரோக்தான், இருந்தும் கணக்குப் போட்டால் கிராமுக்கு எட்டுக் கிலோவைத் தாண்டும். டைட்டானியத்தில் ராடு செய்வது அவர்களுக்கு ஆடம்பரம் இல்லை.

3. "புல் திராட்டிலில் உச்ச வேகத்தில் போனால்தானே ராடுக்குக் கஷ்டம்?" என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். பாதிதான் சரி. எரியும்போது வாயு கீழே தள்ளுகிறது. அதே உச்சியில் பிஸ்டனின் வேகம் மேலே இழுக்கிறது. ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடும். நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ராடு முழு இழுவையைப் பார்க்கிறது. அதே வேகத்தில் திராட்டிலைச் சட்டென்று மூடினால் தள்ளுகிற வாயு இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் இழுவைதான்.

இதைவிட மோசம், நூறில் போகும்போது ஐந்தாவது கியரிலிருந்து தவறிப்போய் இரண்டாவதில் போடுவது. சக்கரம் என்ஜினைச் சுற்றுகிறது. ரெவ் லிமிட்டர் பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ வெட்டும், சக்கரத்தை வெட்டாது. கோவளம் வளைவில் ராடு உடைந்து கேஸைப் பிளந்துகொண்டு வந்தது என்று வண்டியைக் கொண்டுவந்தால், மீட்டரில் எவ்வளவு வேகம் என்று கேட்காதே. எந்த கியருக்கு மாற்றினாய் என்று கேள்.

4. மெதுவாகப் போனால் ராடுக்கு நல்லது என்று நினைப்பவர்களும் உண்டு. மூன்று பேர் ஏறிக்கொண்டு, டாப் கியரில் இருபதில், திராட்டிலை முழுக்க முறுக்கி உருட்டுவார்கள். அங்கே வெடிப்பைக் கழிக்க இழுவை இல்லை. முழுத் தள்ளலும் ராடின் மேல், பிக் எண்டு பேரிங்கின் மேல். ஆயில் படலமும் அந்த வேகத்தில் மெலிந்திருக்கும். 'டக் டக்' என்று நாக்கிங் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். சேற்றுழவில் டிராக்டர் அழுகிற அழுகையும் இதே ஜாதிதான். ஆனால் டிராக்டர் ராடு அதற்கென்றே தடித்துச் செய்தது. உச்ச வேகமும் சுமார் 2,000 சுற்றுதான். கியரைக் குறை என்று டிரைவரிடம் சொல்லிப் பழகு.

5. கார், டிராக்டர் என்ஜினைப் பிரித்தால் பேரிங் ஷெல்லைத் துடைத்துக் குப்பையில் போடுவதற்கு முன்னால் படி. ராடு பக்கத்து ஷெல் தேய்ந்திருந்தால் அழுத்தம் கொன்றிருக்கிறது: பாரம், நாக்கிங். பிக் எண்டை மூடும் தொப்பிப் பக்கத்து ஷெல் தேய்ந்திருந்தால் இழுவை: ஓவர் ஸ்பீடு. இரண்டும் கறுத்துப்போயிருந்தால் ஆயில். ஓனர் என்ன கதை சொன்னாலும் ஷெல் பொய் சொல்லாது.

6. உடைந்த ராடின் முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஒரு பகுதி வழவழவென்று, அலை வந்து திரும்பிய ஈர மணலில் கிடக்கும் கோடுகள் மாதிரி வளைவு வளைவாக இருக்கும். பிளவு நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த தடம் அது. மிச்சம் சொரசொரவென்று இருக்கும். அது கடைசி நொடியில் அறுந்தது. கோடுகள் எந்த இடத்தை மையமாக வைத்து விரிகின்றன என்று தேடு. பல தடவை அங்கே ஒரு கீறலோ, வைஸ் பல்லின் தழும்போ, யாரோ புண்ணியவான் நம்பர் குத்திய பஞ்ச் அடியோ இருக்கும். 4,000 சுற்றில் ஒரு மணி நேரம் ஓடினால் முழு இழுவை 1,20,000 தடவை. அந்தக் கீறலுக்கு அது போதும். ராடின் உடம்பில் எதையும் குத்தாதே, குறுக்கே அரம் போடாதே.

7. ஒற்றை சிலிண்டர் பைக்குகளில் பெரும்பாலும் ராடு ஒரே துண்டு. காரிலும் டிராக்டரிலும் தொப்பி தனி. இழுவை முழுதும் அந்த இரண்டு போல்ட்டில்தான் தொங்குகிறது. டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை அளவில் இறுக்காதே. லூசாக விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் போல்ட் நீண்டு சுருங்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் அங்கேயே நீண்டு போயிருக்கும். கம்பெனி புதுசு போடச் சொன்ன இடத்தில் பழசைப் போடாதே. ஒரு ராடின் தொப்பியை இன்னொன்றுக்கு மாற்றாதே.

8. படகு என்ஜின். அலையில் ஏறும்போது நீள ஷாஃப்டின் விசிறி தண்ணீரை விட்டு வெளியே வரும். பாரம் போன மறுநொடி என்ஜின் ரேஸ் ஆகும்: டார்க் இல்லை, வேகம் மட்டும். கவர்னர்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. "கொஞ்சம் ஸ்பீடு ஏத்திக் குடுப்பா" என்று கேட்டால் கவர்னர் ஸ்குருவில் கை வைக்காதே.

9. மழைக்காலப் பாடம் தனி. டிசம்பர் 2015-லும், மிக்ஜாம் புயல் வந்த டிசம்பர் 2023-லும் சென்னையிலும் புறநகரிலும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. உறிஞ்சும் குழாய் வழியே சிலிண்டருக்குள் போன தண்ணீர் அழுந்தாது. பிஸ்டன் மேலே வர இடமில்லை, ராடு வளைகிறது. மூழ்கிய வண்டி வந்தால் சாவியைத் தொடாதே. பெட்ரோலானால் ஸ்பார்க் பிளக்கையும், டீசலானால் இன்ஜெக்டரையும் கழற்று, கையால் சுற்று, தண்ணீரை வெளியேற்று. யாராவது ஏற்கெனவே செல்ஃப் அடித்துப் பார்த்திருந்தால் ஹெட்டைத் திற. எல்லா பிஸ்டனையும் உச்சியில் நிறுத்தி உயரம் அள. ஒன்று மட்டும் ஒரு மில்லி தாழ்ந்திருந்தால் அதன் ராடு வளைந்திருக்கிறது. நிமிர்த்தித் தருகிறேன் என்பவனிடம் கொடுக்காதே; புது ராடு போடு.

10. "அண்ணே, அந்த கட்-ஆஃபை எடுத்துவிடுங்க" என்று பையன்கள் வருவார்கள். அந்த ரெவ் லிமிட்டர் வரம்பை வைத்தவர்கள் மேலே நாம் போட்ட வர்க்கக் கணக்கைப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். 10,000-ஐ 12,000 ஆக்கினால் இழுவை 44 சதவீதம் கூடும்; ராடு அதே ராடு. முறுக்க ஆசையிருந்தால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது, அங்கே போகச் சொல். நம் ஷெட்டில் முடியாது என்று சொல்லிவிடு. அவன் பக்கத்து ஷெட்டுக்குப் போவான், போகட்டும்.