அளவறிந்து ஊட்டல்

நுழையும்முன்

செடியின் இலை மஞ்சளானால் உரம் போதவில்லை என்று எண்ணுவது வழக்கம். உடனே உரத்தைக் கூட்டுவதும் வழக்கம். இவ்வழக்கம் எப்போதும் பயன் தருமா? மண்ணில்லா வேளாண்மை இவ்வினாவுக்குத் தெளிவான விடையைத் தருகிறது.

மண்ணின் பணி

மண், செடி ஊன்றி நிற்க இடம் தருகிறது. அதனினும் பெரிய பணி ஒன்றையும் அது செய்கிறது. களிமண் துகள்களும் மக்கிய பொருள்களும் சத்துகளைப் பற்றி வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாக வேருக்கு விடுகின்றன. உழவர் ஒரு பிடி உரத்தைக் கூட்டியோ குறைத்தோ இட்டாலும் மண் அதனை ஓரளவு தாங்கிக்கொள்ளும். நீருக்கு அத்தாங்கும் ஆற்றல் மிகக் குறைவு. கரைத்த சத்து முழுவதும் உடனே வேரைச் சூழ்கிறது. எனவே மண் செய்த பணியை வளர்ப்பவரே ஏற்க வேண்டியுள்ளது.

முறை வளர்ந்த வரலாறு

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் உட்வர்டு, புதினா வகைச் செடிகளைப் பல்வகை நீரில் வளர்த்து, தம் ஆய்வை 1699ஆம் ஆண்டு வெளியிட்டார். தோட்டமண் கலந்த நீரில் இட்ட செடியே நன்கு தழைத்தது. நீர் மட்டுமே செடிக்கு உணவாகாது என்பது இதனால் விளங்கிற்று. 1860களில் செருமானிய அறிஞர்களான சாக்சும் நாப்பும் எந்தெந்த உப்புகளை நீரில் கரைத்தால் செடி வளரும் என்று கண்டனர். 1930களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கெரிக் என்பவர் தக்காளியை இம்முறையில் வளர்த்து, இதற்கு 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்னும் பெயரை வழங்கினார். நீர், உழைப்பு என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது இப்பெயர். இந்தியாவில் 1946ஆம் ஆண்டு ஷோல்டோ டக்ளஸ் என்பவர் வங்காளத்தின் காலிம்போங் பகுதியில் இதற்கான ஆய்வுகளைத் தொடங்கினார்.

பெயரே பணியைச் சொல்லும்

செடிக்கு இன்றியமையாத தனிமங்கள் பதினேழு. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கின்றன. எஞ்சிய பதினான்கையும் நீரில் கரைத்துத் தருதல் வேண்டும். அவற்றுள் மிகுதியாக வேண்டப்படும் ஆறும் பேரூட்டங்கள். சிற்றளவே வேண்டப்படும் எட்டும் நுண்ணூட்டங்கள்.

தமிழ் உழவர்கள் வழங்கும் பெயர்கள் இங்கு எண்ணத்தக்கவை. தழையைப் பெருக்கும் நைட்ரஜனைத் 'தழைச்சத்து' என்பர். மணி பிடிக்கத் துணைபுரியும் பாஸ்பரஸை 'மணிச்சத்து' என்பர். விறகுச் சாம்பலில் மிகுதியாக உள்ள பொட்டாசியத்தைச் 'சாம்பல்சத்து' என்பர். இவற்றோடு கால்சியம், மெக்னீசியம், கந்தகம் ஆகியவை சேரப் பேரூட்டங்கள் ஆறாகும்.

சிறியதன் பெருமை

ஹோக்லண்ட், ஆர்னன் என்னும் அறிஞர்கள் வகுத்த ஊட்டக்கரைசல் இன்றும் புகழ்பெற்றது. ஹோக்லண்ட் கரைசல் எனப்படும் அதன் ஒரு லிட்டரில் தழைச்சத்து ஏறத்தாழ 210 மில்லிகிராம் உள்ளது. மாலிப்டினம் என்னும் நுண்ணூட்டமோ 0.01 மில்லிகிராம் மட்டுமே. முன்னது பின்னதைப்போல் இருபத்தோராயிரம் மடங்கு!

எனினும் அத்துளி இல்லையெனில், நைட்ரேட் வடிவில் வரும் தழைச்சத்தைச் செடியால் பயன்படுத்திக்கொள்ள இயலாது. களஞ்சியம் நிறைந்திருந்தும் திறவுகோல் இல்லாத வீடு போல, சத்தின் நடுவே செடி பசித்திருக்கும். தக்காளிச் செடிக்கு மாலிப்டினம் இன்றியமையாதது என்பதை ஆர்னனும் ஸ்டவுட்டும் 1939ஆம் ஆண்டு நிறுவினர்.

இலை கூறும் செய்தி

தழைச்சத்து குறைந்தால் முதிய இலைகளே முதலில் மஞ்சளாகும். முதிய இலை தன்னிடமுள்ள சத்தை இளந்தளிருக்கு ஈந்துவிட்டுத் தான் வெளிறுகிறது. இரும்புச்சத்தோ அவ்வாறு எளிதில் இடம்பெயராது. ஆதலால் அது குறைந்தால் தளிரே மஞ்சளாகும்; நரம்புகள் மட்டும் பசுமையாக நிற்கும்.

தளிர் மஞ்சளானதும் இரும்பைக் கூட்டலாமா? முதலில் நீரின் பி.எச். அளவை நோக்க வேண்டும். பெரும்பாலான பயிர்களுக்கு அது 5.5 முதல் 6.5 வரை இருத்தல் நலம். நீர் காரத்தன்மை அடைந்தால் இரும்பு கரையாமல் படிந்துவிடும். அப்போது நீரைச் சீராக்குவதே மருந்து.

மிகையும் குறையை உண்டாக்கும். சாம்பல்சத்து அளவு கடந்தால், வேர் மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் ஏற்பது தடைப்படும். இலையில் மெக்னீசியக் குறை தோன்றும். காரணமோ சாம்பல்சத்தின் மிகை. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் பழமொழி செடிக்கும் பொருந்தும்.

அளக்கும் கருவியும் அதன் எல்லையும்

கரைசலில் உப்பு எவ்வளவு உள்ளது என்பதை மின்கடத்துத்திறன் மானி காட்டும். ஆனால் எந்தச் சத்து எவ்வளவு என்பதை அது காட்டாது. தேர்வு மதிப்பெண்களின் கூட்டுத்தொகை, எந்தப் பாடத்தில் குறைவு என்பதைச் சொல்லாதது போன்றது இது. எனவே கருவியையும் நோக்க வேண்டும். இலையையும் நோக்க வேண்டும். கடும் வெயிலில் செடி சத்தைவிட நீரை மிகுதியாகப் பருகும். அதனால் கரைசல் செறிவடைந்து இலைநுனி கருகக்கூடும். அந்நேரத்தில் வேண்டுவது உரமன்று, தூய நீரே.

கலக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கால்சியம் நைட்ரேட்டின் செறிந்த கரைசலை, சல்பேட், பாஸ்பேட் உப்புகளின் செறிந்த கரைசலோடு நேரடியாகக் கலந்தால் வெண்ணிற வீழ்படிவு உண்டாகும். படிந்த சத்து வேருக்குப் பயன்படாது. ஆகவே இரண்டையும் தனித்தனிக் கலன்களில் வைத்து, மிகுந்த நீரில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ப்பர். பயன்படுத்திய கரைசலைக் குளத்தில் கொட்டுதல் கூடாது. அதிலுள்ள சத்து பாசியைப் பெருக்கி மீன்களுக்குக் கேடு விளைக்கும்.

குறை கண்டவுடன் கூட்டுவது எளிது. காரணம் ஆராய்ந்து, கூட்டுவதா குறைப்பதா சீராக்குவதா எனத் தெளிவதே நல்ல வேளாண்மை.

சொற்பொருள்

இன்றியமையாத – இல்லாமல் முடியாத
ஈந்து – கொடுத்து
களஞ்சியம் – தானியம் சேமிக்கும் இடம்
வீழ்படிவு – கரைசலில் கரையாது அடியில் தங்கும் பொருள்

இலக்கணம் அறிவோம்

பேரூட்டம் = பெருமை + ஊட்டம்; நுண்ணூட்டம் = நுண்மை + ஊட்டம். இவை பண்புத்தொகைகள்.
மண்ணில்லா வேளாண்மை – 'இல்லா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. விறகுச் சாம்பலில் மிகுதியாக உள்ள சத்து ________.
2. இரும்புச்சத்து குறைந்தால் முதலில் மஞ்சளாவது ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மண்ணுக்கும் நீருக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. மின்கடத்துத்திறன் மானியின் எல்லை யாது?

இ. விரிவாக விடை எழுதுக.
'மிகையும் குறையை உண்டாக்கும்' – பாடத்தின் வழி விளக்குக.

ஈ. செயல்பாடு
வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஒரு செடியின் முதிய இலையையும் தளிரையும் ஒரு வாரம் உற்றுநோக்கி, கண்ட மாற்றங்களைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக.