குடிவேட்கையை அளப்பது எவ்வாறு?

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. குடியை விட்டவர் உள்ளத்தில் மீண்டும் எழும் வேட்கையை அளக்கக் கருவி உண்டோ என்று அன்பர்கள் வினவலாம். உண்டு, அது சில கேள்விகளால் ஆனது.

கோகெயினுக்கு அடிமையானோரின் வேட்கையை அறிய 1993-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 45 கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியலை வெளியிட்டனர். எனினும், கொசஸ்தலையாறு கடலொடு கலக்கும் முகத்துவாரக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் நாம் முதலில் கருதவேண்டியது மதுவையே. அதற்கெனப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 1999-இல் வெளியிட்ட அளவுகோலில் கேள்விகள் ஐந்தே. கடந்த வாரத்தில் குடியைப் பற்றிய எண்ணம் எத்தனை முறை வந்தது? எவ்வளவு வலுவாக வந்தது? எவ்வளவு நேரம் நீடித்தது? மது கைக்கெட்டும் இடத்தில் இருந்திருந்தால் மறுப்பது எவ்வளவு கடினம்? மொத்தத்தில் வேட்கை எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண், கூடுதல் 30.

இவ்வெண்ணை அடுத்த வீட்டாருடையதோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அவரவருடைய சென்ற வாரத்து எண்ணோடு ஒப்பிடவேண்டும். வேட்கை எப்போது எழுந்தது என்பதையும் உடன் குறித்தல் நன்று. கடலில் வலை இழுக்கும்போது தோன்றாத எண்ணம், கரையில் மீன் ஏலம் முடிந்து காசு கைக்கு வந்ததும், பழைய கூட்டாளி அழைத்ததும் தலைதூக்கக்கூடும். குடியை நிறுத்திப் பல வாரங்கள் சென்ற பின்னும் இத்தகைய தூண்டுதல்கள் வலுவிழப்பதில்லை.

இனி, இவ்வளவுகோல் பழுதுபடும் இடத்தைச் சொல்வோம். மூன்று திங்களாகக் குடியாத ஒருவர் 'இவ்வாரம் 18' என்கிறார். வீட்டார் திடுக்கிட்டு, 'மறைவாகக் குடித்தாயா?' என்று சினக்கின்றனர். அடுத்த வாரம் அவர் '2' என்பார்! தணிந்தது வேட்கையன்று, உண்மை பேசும் துணிவே. வேட்கை குடித்ததற்குச் சான்றாகாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்க் கையேட்டிலும் அது இந்நோயின் அறிகுறிகளுள் ஒன்றாகவே சேர்க்கப்பட்டுள்ளது.

எண் உயர்ந்த வாரத்தில் ஏலக்காசை வீட்டார் ஒருவர் பெற்றுக்கொள்ளலாம். கரையிலிருந்து வீடு வரை துணை செல்லலாம். மருத்துவரிடம் அழைத்துப் போகலாம். சென்னையில் 1980-இல் தோன்றிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இந்நோய்க்கு மருத்துவம் செய்வதோடு, மஞ்சக்குடி முதலிய சிற்றூர்களில் முகாம்களும் நடத்தியுள்ளது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரவும் கூடுமாதலின், நிறுத்தும்போதே மருத்துவர் துணை வேண்டும்.

கேள்விகளை மனைவி கேட்பதினும், செவிலியரோ குடியை விட்ட மற்றொருவரோ வாரந்தோறும் ஒரே நாளில், தனியே அமர்ந்து கேட்பது நலம்.