எந்த டொக்டர், டீச்சர்?
(கல்வித் தலைமைத்துவத்தில் கலாநிதிப் பட்டம் பற்றி)

சென்ற தவணை பெற்றோர் கூட்டத்தில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியின் வாப்பா என்னிடம் கேட்டார்: "டீச்சர், இவ டொக்டராகப் போறாவாம். படிக்கிறது ஆர்ட்ஸ். இது எப்படிச் சரிவரும்?" பக்கத்தில் நின்ற மகள் வெட்கத்தோடு குறுக்கிட்டாள். "அந்த டொக்டர் இல்ல வாப்பா. நான் சொன்னது ஸ்கூல் நடத்துறதப் பத்திப் படிக்கிற டொக்டர்." வாப்பா சிரித்துவிட்டார். "ஸ்கூல் நடத்த எதுக்கு மகள் டொக்டர் பட்டம்? நாங்க படிக்கக்குள்ள இருந்த பிரின்சிபல்மார் எல்லாம் அப்படிப் படிச்சிட்டா வந்தாங்க?"

பின்னால் இன்னும் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். விரிவாகப் பதில் சொல்ல அன்று முடியவில்லை. அவருக்கும், அவரைப் போல யோசிக்கும் பெற்றோருக்கும், அந்த மகளைப் போல ஆசைப்படும் மாணவியருக்கும் இதை எழுதுகிறேன்.

வாப்பாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நமது கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை திறக்கக் கலாநிதிப் பட்டம் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் அவர். அந்தப் பெரிய உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக இருந்தார். அந்தக் காலத்தை ஸாஹிறாவின் பொற்காலம் என்று இன்றும் சொல்கிறார்கள். அவர் 1973இல் காலமானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது 1980இல். அதிபராக இருந்த நாளில் அவர் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இருக்கவில்லை.

ஆகவே நல்ல அதிபராவதற்கு இந்தப் பட்டம் கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இலங்கை அதிபர் சேவைக்கும் அது நிபந்தனை அல்ல. அப்படியானால் ஏன் படிக்க வேண்டும்?

நான் கண்ட ஒரு காரியத்தைச் சொல்கிறேன். நீண்ட காலம் ஒரு பாடசாலையை நடத்திய அதிபர் ஓய்வு பெறுகிறார். எந்த ஊர்ப் பிள்ளைகள் எந்த மாதத்தில் வராமல் போவார்கள், எந்த ஆசிரியரை எந்த வகுப்புக்கு அனுப்பினால் அந்த வகுப்பு எழும்பும், எந்தப் பெற்றோரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பிரியாவிடைக் கூட்டம் நடக்கிறது, மாலை போடுகிறோம், புகைப்படம் எடுக்கிறோம். மறுநாள் அந்த அறிவு முழுவதும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. புதிய அதிபர் வந்து முதலாம் எழுத்திலிருந்து தொடங்குகிறார். வைத்தியர்கள் தங்கள் அனுபவத்தைச் சோதித்து, எழுதி, அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். பாடசாலை நடத்துபவர்களிடம் அந்த வழக்கம் குறைவு. அந்தக் குறையை நிரப்பத்தான் இந்தப் படிப்பு வந்தது.

கலாநிதிப் பட்டம் என்றதும் நமக்கு நினைவு வருவது பல்கலைக்கழக விரிவுரையாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் செய்வது ஆராய்ச்சிக் கலாநிதி. ஒரு துறையின் அறிவில் இதுவரை இல்லாத ஒன்றைச் சேர்ப்பது அதன் நோக்கம். 'கல்விக் கலாநிதி' என்பது வேறு வகை. ஏற்கெனவே தொழிலில் இருக்கும் ஆசிரியர், அதிபர், கல்விப் பணிப்பாளர் போன்றவர்கள் தொழிலை விடாமலே படிப்பது. ஆய்வுக்கான பிரச்சினையும் பெரும்பாலும் அவர்கள் தினமும் முகங்கொடுக்கும் பிரச்சினைதான். முதலிரண்டு வருடம் பாடங்கள், ஒப்படைகள். பிறகு ஆய்வேடு. பிரித்தானியாவில் ஆராய்ச்சிக் கலாநிதி ஆய்வேடு 80,000 சொற்கள் வரை போகும். கல்விக் கலாநிதிக்கு வழக்கமாக 50,000 அளவில் நிற்கும். சொற்கள் குறைவு என்பதால் இலேசு என்று எண்ணக்கூடாது. பகல் முழுக்கப் பாடசாலையில் நின்றுவிட்டு இரவில் எழுதுவது, நான்கு ஐந்து வருடம்.

இதன் பிறப்பிடம் அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகம். 1920இல் அங்கே கல்விக்கென்று ஒரு பீடம் திறந்து, இந்தப் பட்டத்தையும் தொடங்கினார்கள். பிரித்தானியாவுக்கு அது வந்தது வெகு பிந்தி, 1992இல், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக்கு. இடைக்காலத்தில் பேர் கெடவும் செய்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரித் தலைவராக இருந்த ஆர்தர் லெவின் 2005இல் வெளியிட்ட அறிக்கையில், பாடசாலைத் தலைவர்களுக்கு இந்தப் பட்டமே வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்றார். ஆராய்ச்சிப் பட்டத்தின் மெலிந்த நகலாக அது போய்விட்டது என்பது பொதுவான முறைப்பாடு. அந்தக் கண்டனம் நல்லதைச் செய்தது. 2007இல் பல பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி, தொழிலில் உள்ள உண்மையான பிரச்சினையை மையமாக வைத்து இதைத் திருத்தியமைக்கத் தொடங்கின. ஹாவர்ட் 2010இல் கல்வித் தலைமைத்துவத்துக்கென்றே புதிய மூன்று வருடக் கலாநிதிப் பட்டம் ஒன்றைத் தொடங்கி, மூன்றாம் வருடத்தைக் களத்தில் வேலை செய்வதற்கென ஒதுக்கியது.

இது போதும். அமெரிக்காவைப் பற்றி எழுதிக்கொண்டே போனால் நம் பிள்ளைகளுக்கு விளங்காது. இந்தப் படிப்பில் உண்மையில் என்ன செய்வார்கள் என்பதை நம்மூரை வைத்தே பார்ப்போம்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பாடசாலை என்று வைத்துக்கொள்வோம். சாதாரணதரப் பரீட்சைக்கு முன் தரம் 11 மாணவியருக்குப் பின்னேர வகுப்புகள் நடக்கின்றன. முதல் வாரம் வகுப்பு நிறைந்திருக்கும். மூன்றாம் வாரம் பாதிக் கதிரைகள் வெறுமை. ஆசிரியர் அறையில் எல்லோரும் ஒரே காரணம் சொல்வார்கள்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அக்கறை இல்ல." பிரதி அதிபர் இந்தப் படிப்பைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்றால், அந்தக் காரணத்தை அவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வரவு இடாப்பை எடுத்து, வராத பிள்ளைகள் யார் என்று பார்ப்பார். அவர்கள் எந்தப் பக்கம் போகிறவர்கள்? அக்குறணையா, கலகெதரையா, மடவளையா? பிரதான வீதியில் இறங்குபவர்களா, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸுக்கு நின்று மேட்டுப் பாதையில் ஏறுபவர்களா? பாலத்தடி நெரிசலில் பஸ் நிற்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மஃரிபுக்கு முன் மகள் வீடு வந்து சேராவிட்டால் உம்மாவின் மனநிலை என்ன என்று கேட்க வேண்டும். கடைசியில் அக்கறை இல்லாத பிள்ளைகளாக நாம் நினைத்தவர்கள், இரண்டாவது பஸ் தவறிவிடும் பிள்ளைகளாக இருக்கலாம். அல்லது அப்படி இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பாடத்தை நடத்தும் விதமே காரணமாகவும் இருக்கலாம். எதுவாயினும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தால்தான் அது ஆய்வு.

பிறகு ஒரு மாற்றம் செய்து பார்ப்பார். வகுப்பைக் காலைக்கு மாற்றலாம், அல்லது சனிக்கிழமைக்கு. ஒரு தவணை முழுக்க மறுபடியும் இடாப்பைப் பார்ப்பார். சரிவராவிட்டால் ஏன் சரிவரவில்லை என்று எழுதுவார். இதைச் செயல்நிலை ஆய்வு என்பார்கள். இதே பிரச்சினையைப் பற்றிப் பிற நாடுகளில் எழுதப்பட்டவற்றையும் வாசித்து, தம் பாடசாலைக்கு அவற்றில் எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று காட்ட வேண்டும்.

இதில் மிகக் கடினமான பகுதி வாசிப்பும் அல்ல, புள்ளிவிபரமும் அல்ல. ஆய்வு செய்பவரே அந்தப் பாடசாலையின் பிரதி அதிபர் என்பதுதான். தரம் 11 மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டு "ஏன் மகள் வகுப்புக்கு வாறதில்ல?" என்று அவர் கேட்டால் அவள் உண்மையைச் சொல்வாளா? "சுகமில்லை மெடம்" என்பாள். ஆசிரியையும் அதிபர் அறையில் வைத்து மனம் திறக்கமாட்டார். அதனால்தான் ஆய்வைத் தொடங்குமுன் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழுவிடம் அனுமதி எடுக்க வேண்டும். பிள்ளையிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். மறுத்தால் அவளுக்கு ஒரு குறையும் வராது என்று உறுதி கொடுக்க வேண்டும். பெயர்களை மறைக்க வேண்டும். சில வேளைகளில் கேள்விகளைக் கேட்க வெளியாள் ஒருவரையே வைக்க வேண்டியிருக்கும். அதிகாரத்தில் இருப்பவர் தம் அதிகாரத்தைத் தாமே சந்தேகித்துப் பார்க்கப் பழகுகிறார். எனது பார்வையில் பட்டத்தை விடப் பெறுமதியானது இந்தப் பழக்கம். பட்டம் எடுத்தும் இது வராதவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தப் பட்டம் பிறக்குமுன்பே இந்த வேலையைச் செய்த ஒரு பெண்மணி நினைவுக்கு வருகிறார். எல்லா ஃப்ளாக் யங். 1845இல் பிறந்தவர். சிக்காகோ நகரில் 17 வயதில் ஆசிரியை. பின்னர் அதிபர், பின்னர் நகரப் பாடசாலைகளின் மேற்பார்வை அதிகாரி. அந்த உத்தியோகத்தில் இருந்துகொண்டே சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கல்வி அறிஞர் ஜோன் டூயியின் வகுப்புகளுக்குப் போனார். 1900இல் கலாநிதிப் பட்டம் பெற்றபோது வயது 55. அவரது ஆய்வின் பொருள் பாடசாலைக்குள் நிலவும் தனிமை. மேலிருந்து கட்டளை வருகிறது, ஆசிரியர் தனித் தனியாக அதை நிறைவேற்றுகிறார், பாடசாலை நடத்துவதில் அவருக்குக் குரல் இல்லை என்பது அவர் கண்ட நோய். ஆசிரியர்களின் குரல் நிர்வாகத்தில் கேட்க வேண்டும் என்று வாதாடினார். 1909இல் சிக்காகோவின் எல்லாப் பாடசாலைகளுக்கும் தலைமை ஏற்றார். அமெரிக்காவின் பெருநகரம் ஒன்றின் கல்வியை நடத்திய முதல் பெண் அவர்தான். அமெரிக்கப் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்ததே 1920இல்தான்.

55 என்ற வயதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். "இதெல்லாம் படிச்சு முடிக்க வயசு போயிரும் டீச்சர், கலியாணம் எப்ப?" என்று உம்மாமார் கேட்பதுண்டு. இந்தப் படிப்பில் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. இருபத்து மூன்று வயதில் யாரும் இதற்குப் போக முடியாது, போகவும் கூடாது. அனேகமான பல்கலைக்கழகங்கள் சில வருடத் தொழில் அனுபவம் இல்லாமல் சேர்ப்பதில்லை. கலியாணம் முடித்து, பிள்ளைகள் பாடசாலை போகத் தொடங்கிய பிறகு படிப்பதற்கே பொருத்தமானது. ஆனால் வீட்டில் ஒருவர் இரவுச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை பேசும்போதே இதையும் பேசிவையுங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை.

பாதை எங்கே தொடங்குகிறது? மாணவியருக்குப் படிமுறை தெரிந்திருப்பது நல்லது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 12 மட்டங்கள் உள்ளன. சாதாரணதரம் முதலாம் மட்டம், உயர்தரம் இரண்டாம் மட்டம். பொதுப் பட்டம் 5, சிறப்புப் பட்டம் 6. பட்டப்பின் கல்வி டிப்ளோமா 8. முதுமாணிப் பட்டங்கள் 9இலும் 10இலும். முதுதத்துவமாணி 11. கலாநிதி 12. பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கிடைக்காத பிள்ளை கல்வியியற் கல்லூரி வழியாக ஆசிரியையாகி, பின்னர் கல்விமாணி படித்து இதே ஏணியில் ஏறலாம். சற்று நேரம் கூட எடுக்கும், அவ்வளவுதான். நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பொல்கொல்லையில் திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டிப் பிராந்திய நிலையம் இருக்கிறது. கண்டிக்குப் போய் இன்னொரு பஸ் ஏறினால் பேராதனை. கல்வித்துறையில் உயர் பட்டம் படிக்க ஊரைவிட்டுப் போக வேண்டிய அவசியமே பலருக்கு இல்லை.

ஓர் எச்சரிக்கை. காசு கட்டினால் சில மாதத்தில் 'கலாநிதி' ஆகலாம் என்று வரும் விளம்பரங்கள் பெருகிவிட்டன. ஹோட்டல் மண்டபத்தில் அங்கி போர்த்திக் கௌரவப் பட்டம் விற்கிறார்கள். நம் சமூகத்திலும் வாங்கிப் போஸ்டர் அடித்தவர்கள் இருக்கிறார்கள். அஸீஸ் அவர்களுக்கு மரணத்தின் பின் ஒரு பல்கலைக்கழகம் தேடிவந்து கொடுத்ததும் கௌரவப் பட்டம்தான், இதுவும் கௌரவப் பட்டமாம்! வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதற்கும் பணம் கட்டுமுன், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அத்தோடு மேற்பார்வையாளர் யார், எத்தனை தடவை சந்திப்பார், ஆய்வேட்டை வெளிப் பரீட்சகர் ஒருவர் சோதிப்பாரா என்றும் கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் பணத்தை வீட்டிலேயே வைத்திருங்கள்.

கூட்டம் முடிந்து அடுத்த வாரம் அந்த மாணவி ஒரு கொப்பியோடு என்னைத் தேடி வந்தாள். தன் வகுப்பில் பின்னேர வகுப்புக்கு நிற்காதவர்கள் யார், எத்தனை மணி பஸ்ஸில் போகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள் என்று அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தாள். யாரும் கேட்காமலே செய்திருக்கிறாள். முதல் நிரலில் எல்லோருடைய பெயரும் முழுசாக இருந்தது. பெயர்களை அழித்துவிட்டு இலக்கம் போடச் சொன்னேன். "ஏன் டீச்சர்?" என்று கேட்டாள். உட்காரச் சொல்லி, ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.