மருந்தடிப்பவர் உடலில் ஒரு நொதி

சோற்றுக் கவளத்தை விழுங்காமல் சற்று நேரம் மென்றால் இனிப்புத் தட்டும். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்னும் நொதி மாவுப் பொருளைச் சர்க்கரையாக உடைப்பதே காரணம். இரைப்பையில் பெப்சின் புரதத்தை உடைக்கிறது. கணையத்தின் லைபேஸ் கொழுப்பை உடைக்கிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. ஆனால் நொதிகள் செரிமானத்திற்கு மட்டுமே உரியவை என எண்ணலாகாது. நரம்பும் ஒரு நொதியை நம்பியே இயங்குகிறது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதி விவசாயிகள் முதலில் அறிய வேண்டியது அதனையே.

நரம்பு தசையை ஏவும்போது அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சுரக்கிறது. ஏவல் முடிந்ததும் கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அதனை நொடிப்பொழுதில் சிதைத்துவிடும். திறந்த மடையை உடனே அடைக்கும் ஆளைப் போன்றது அது. குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் முதலிய கரிம பாஸ்பரஸ் நஞ்சுகள் அந்த ஆளின் கையைக் கட்டிவிடுகின்றன. பூச்சி மடிவது இவ்வாறே. மனிதருக்கும் வியர்வை, எச்சில் பெருகும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், மூச்சுத் திணறும். 1958இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் அதன் பின்னர் வந்ததே.

இந்நொதிக்கு இரு வடிவங்கள் உண்டு. கல்லீரலில் தோன்றி இரத்த நீரில் ஓடுவது சில வாரங்களில் மீளும். நரம்பிலுள்ள வடிவமே சிவப்பணுக்களிலும் இருக்கிறது. அங்கே குறைந்தால், புதிய அணுக்கள் பிறந்தே நிறைய வேண்டும். அதற்கு மூன்று, நான்கு மாதங்களும் ஆகலாம். அதற்குள் மீண்டும் மீண்டும் மருந்தடித்தால் குறைவு கூடிக்கொண்டே போகும்.

நம் பக்கத்தில் இளைஞர் பலர் சிப்காட் ஆலைகளுக்குச் செல்வதால், ஊர் முழுவதற்கும் கூலிக்கு மருந்தடிப்பவர் ஓரிருவரே. அத்தகைய ஒரு பெரியவர், "தலை சுற்றும் ஐயா, மோர் குடித்துப் படுத்துவிடுவேன்" என்று என்னிடம் இயல்பாகச் சொன்னார். மோரால் இந்நொதி மீளாது. நனைந்த உடையை உடனே களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவி, 108 வண்டியில் மருத்துவமனைக்கு அனுப்புக. மருந்துப் புட்டியின் சீட்டும் உடன் செல்லட்டும். அட்ரோப்பின் ஊசி தேவையா என மருத்துவர் முடிவு செய்ய அது உதவும்.

நொதியின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலால் கூலிக்கு மருந்தடிப்பவருக்குப் பருவம் தொடங்குமுன்னரே ஒருமுறை இரத்தச் சோதனை செய்வித்துக் குறித்து வைக்கப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஏற்பாடு செய்யலாம். பின்னர் எடுக்கும் அளவை அதனோடு ஒப்பிட்டே குறைவை அறிய இயலும்.