ஃபுட்சால்: நம்பிக்கை ஐந்து, உண்மை ஐந்து

சேத்தியாத்தோப்பு என்றால் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலையும் வெள்ளாற்று அணைக்கட்டும் நினைவுக்கு வரும். பக்கத்து விருத்தாசலம் என்றால் பீங்கான். விளையாட்டைப் பற்றிக் கேட்டால் கபடி, வாலிபால், கிரிக்கெட் என்று விரல் மடக்குவார்கள். ஃபுட்சால்? "அதான், டர்ஃப்ல ஆடுவாங்களே" என்று ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடும். சிக்கல் அந்த வரியிலிருந்தே தொடங்குகிறது.

நம்பிக்கை 1: டர்ஃபில் ஐந்து பேர் ஆடினால் அது ஃபுட்சால்.

உண்மை: மணிக்கணக்கில் வாடகை கட்டி, வலை சூழ்ந்த செயற்கைப் புல்லில் ஆடுவது கால்பந்தின் குறுவடிவம். நல்ல ஆட்டம்தான்; ஆனால் ஃபுட்சால் வேறு. அதற்கு மரத்தாலோ செயற்கைப் பொருளாலோ ஆன வழவழப்பான சமதளம் வேண்டும். பந்தும் வேறு: அளவு 4, எடை 400 முதல் 440 கிராம். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 65 சென்டிமீட்டருக்கு மேல் துள்ளக் கூடாது. சுவரில் அடித்துத் திரும்ப வாங்குவதெல்லாம் இங்கே கிடையாது. கோட்டைத் தாண்டினால் பந்து வெளியேதான். அதைக் கையால் எறிவதில்லை, நான்கு நொடிக்குள் காலால் உதைத்து உள்ளே அனுப்ப வேண்டும்.

நம்பிக்கை 2: சின்ன மைதானம், குறைந்த நேரம், எனவே இளைப்பாறும் ஆட்டம்.

உண்மை: பாதிக்கு 20 நிமிடம் என்பது கணக்கில் சிறியது. ஆனால் பந்து நிற்கும்போதெல்லாம் கடிகாரமும் நிற்கிறது. ஆகவே 40 நிமிடமும் ஓட்டம்தான். ஆள் மாற்றத்துக்கு எண்ணிக்கை வரம்பில்லை என்பதிலிருந்தே எவ்வளவு மூச்சு வாங்கும் என்று ஊகிக்கலாம். ஃபவுலுக்கும் கணக்கு உண்டு. நேரடி உதைக்குரிய தவறுகளை ஓர் அணி ஒரே பாதியில் ஆறாவது முறை செய்தால், தடுப்புச் சுவர் இல்லாமல் எதிரணி 10 மீட்டரிலிருந்து கோலை நோக்கி உதைக்கலாம். சிவப்பு அட்டை வாங்கியவர் திரும்ப முடியாது. இரண்டு நிமிடம் கழித்தோ, அதற்குள் அந்த அணி ஒரு கோல் வாங்கினாலோ வேறொருவர் இறங்கலாம்.

நம்பிக்கை 3: இந்தியாவில் தேசிய லீக் 2016-லேயே வந்துவிட்டது.

உண்மை: வந்தது லீக் என்ற பெயர். 2016 ஜூலையில் 'பிரீமியர் ஃபுட்சால்' சென்னையில் தொடங்கிக் கோவாவில் முடிந்தது. லூயிஸ் ஃபிகோ தலைவர்; பிரேசிலின் ஃபால்காவ் சென்னை அணிக்கு ஆடினார்; விளம்பரப் பாடலுக்கு இசை ஏ.ஆர். ரஹ்மான். ஆறு அணிகள், பத்தே நாள். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அதற்கு அங்கீகாரம் தரவில்லை. 2017-ல் இரண்டாவது முறை நடந்தது, அதோடு நின்றது.

கூட்டமைப்பே நடத்தும் ஃபுட்சால் கிளப் சாம்பியன்ஷிப் 2021 நவம்பரில் டெல்லியில் ஆரம்பித்தது. முதல் கோப்பை டெல்லி எஃப்.சி.க்கு. ஆனால் இதுவும் ஓர் ஊரில் கூடி, சில நாள் ஆடிக் கலைகிற போட்டி. நம் பள்ளிக்கூடக் குறுவட்டப் போட்டியை நினைத்தால் புரியும்: காலையில் தோற்ற அணி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கும். லீக்கில் தோற்ற அணிக்கு அடுத்த வாரம் இன்னொரு ஆட்டம் உண்டு. எட்டு அணிகள் உள்ளூரிலும் வெளியூரிலும் மோதினால் ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டம். ஜப்பானின் எஃப். லீக் 2007-ல் எட்டு அணிகளோடுதான் தொடங்கியது. பிறகு இரண்டாம் பிரிவும் சேர்ந்தது. ஸ்பெயினில் தேசிய லீக் 1989-லிருந்தே இருக்கிறது. இந்திய ஆண்கள் அணியோ 2023 அக்டோபரில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்காகத் துஷான்பே போனபோது, ஆண்டு முழுக்க ஆடிப் பழகிய லீக் ஒன்று அதற்குப் பின்னால் இல்லை.

நம்பிக்கை 4: பெண்கள் ஃபுட்சால் ஒப்புக்கு நடப்பது.

உண்மை: ஒப்புக்கு நடந்தது ஏற்பாடுதான். ஆண்களுக்கு 1989-ல் உலகக் கோப்பை தொடங்கிய ஃபிஃபா, பெண்களுக்கு 2025 நவம்பரில்தான் பிலிப்பைன்ஸில் தொடங்கியது. இடைவெளி 36 ஆண்டுகள். பிரேசில் கோப்பையை வென்றது. ஆசியாவில் 2015, 2018 இரண்டு முறையும் ஜப்பானை இறுதியில் வீழ்த்தியவர்கள் ஈரான் பெண்கள், தலையில் முக்காடோடு. இந்தியப் பெண்கள் அணி 2025 ஜனவரியில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் ஆசியத் தகுதிச் சுற்று ஆடியது.

நம் பக்கத்தில் பெண்களுக்குக் கால்பந்து வராது என்று யாரும் சொல்ல முடியாது. இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர், தமிழ்நாடு காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசியக் கால்பந்துப் பட்டம் வென்றவர்கள். 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது மதுரை சேது எஃப்.சி.

நம்பிக்கை 5: உள்விளையாட்டரங்கம் இல்லாத சிற்றூருக்கு இதில் வேலையில்லை.

உண்மை: உருகுவேயின் மான்டெவீடியோவில் 1930-ல் இந்த ஆட்டத்தை வகுத்த ஹுவான் கார்லோஸ் செரியானி, அதை மற்ற ஆட்டங்களிலிருந்து சேர்த்துக் கட்டினார். ஐந்து பேர் என்பதைக் கூடைப்பந்தும், கீப்பர் விதிகளை வாட்டர் போலோவும், களத்தையும் கோல்போஸ்ட்டையும் ஹேண்ட்பாலும் தந்தன. அதனால் ஃபுட்சால், ஹேண்ட்பால் இரண்டுக்கும் இன்றும் களம் 40-க்கு 20 மீட்டர், போஸ்ட் 3-க்கு 2 மீட்டர். கோலைச் சுற்றி வளையும் 6 மீட்டர் கோடுகூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பள்ளி விளையாட்டுகளில் ஹேண்ட்பால் இருக்கிறது. அந்தக் களம் உள்ள பள்ளியில் பி.டி. வாத்தியார் சுண்ணாம்பை எடுத்தால் புதிதாகப் போட வேண்டியது கொஞ்சம்தான்: நடுவில் 3 மீட்டர் ஆர வட்டம், 6 மீட்டரிலும் 10 மீட்டரிலும் பெனால்டிப் புள்ளிகள், நான்கு மூலைக்கும் சிறு வளைவு. மண்தரை சர்வதேச ஆட்டத்துக்கு ஆகாது, பழக ஆகும். விருத்தாசலம், சிதம்பரம், புவனகிரி, சேத்தியாத்தோப்பு என்று நான்கு ஊர் அணிகள் உள்ளூரிலும் வெளியூரிலும் மோதினால் 12 ஆட்டம். வாரம் இரண்டு வைத்தால் ஆறு வாரம். பெண்களுக்கும் அதே 12.