முதலில் பிளாங்க்கைக் காட்டுங்கள்

மைக்ரோபிளாஸ்டிக் ஆய்வகத்தில் வேலை கேட்டு வரும் எம்.எஸ்சி. பட்டதாரிகள் ராமன் நிறமாலைமானி, அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் எஃப்.டி.ஐ.ஆர். என்று கருவிகளின் பெயர்களைக் கடகடவென ஒப்பிக்கிறார்கள். கருவியை ஓட்ட யாரும் பழகிக்கொள்ளலாம். நான் கேட்பது வேறு: “உங்கள் பிளாங்க்கில் எத்தனை இழை வந்தது?”

மாதிரியே இல்லாமல், வடிகட்டிய தண்ணீரை மட்டும் எல்லாப் படிகளிலும் ஓட்டிப் பார்ப்பதுதான் பிளாங்க். அதிலும் நீல இழைகள் தென்படும். உங்கள் சட்டையிலிருந்து உதிர்ந்ததாக இருக்கலாம், ஏசி காற்றில் வந்ததாகவும் இருக்கலாம். அதனால்தான் பருத்தி மேலங்கி, கண்ணாடிப் பாத்திரம், அலுமினியத் தாள் மூடி. பாலியெஸ்டர் துப்பட்டாவோடு உள்ளே வந்தால் அன்றைய உழைப்பு போச்சு. “பூஜ்யம் சார்” என்று பதில் வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அடுத்து உப்புக் கணக்கு. ஆற்று மணலை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்துப் பாசி, இலைத்துணுக்குகளைக் கரைத்தபின், அடர்ந்த கரைசலில் பிளாஸ்டிக்கை மிதக்கவிடுகிறோம். நிறைவுற்ற சமையல் உப்புக் கரைசலின் அடர்த்தி சுமார் 1.2. பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன் மேலே வரும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட்டின் அடர்த்தியோ 1.38, அது மணலோடு கீழேயே கிடக்கும். உப்பை மட்டும் நம்பி “இங்கே பெட் இல்லை” என்று அறிக்கை எழுதியவர்கள் உண்டு. பெட்டையும் மிதக்கவைக்கும் அடர்ந்த துத்தநாகக் குளோரைடு விலை கூடுதல், தோலையும் அரிக்கும். ஆனாலும் அது வேண்டும்.

காற்று மாதிரிக்கு பம்பும் குவார்ட்ஸ் வடிதாளும் போதும். எத்தனை லிட்டர் காற்று இழுத்தோம் என்று எழுதி வைக்காவிட்டால் எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை. டயர் தூள் தனித் தலைவலி: கறுப்பு நிறம் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால், சூடாக்கிச் சிதைத்து வாயுவைப் பிரித்தறியும் பைரோலிசிஸ் முறைக்குப் போக வேண்டும். மற்றவற்றில் 20 மைக்ரானுக்கு மேல் எஃப்.டி.ஐ.ஆர்.; 1 மைக்ரான் வரை ராமன். சாயம் ஏறிய இழை ஒளிர்ந்து ராமனையும் குழப்பும்.

2025 மே மாதம் கொச்சிக்கு அருகே எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியபின் கன்னியாகுமரிக் கரையிலும் பிளாஸ்டிக் குருணைகள் ஒதுங்கின. அவற்றைக் கண்ணாலேயே பொறுக்கலாம். கண்ணுக்குத் தெரியாததைத் தேடுவதுதான் இந்த வேலை. சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் புராஜெக்ட் கேட்டு விண்ணப்பியுங்கள். பயோடேட்டாவோடு உங்கள் பிளாங்க் அட்டவணையையும் இணைத்துவிடுங்கள்.